மேசன் மண்டபத்து முரட்டுக் கல்

ஜூலை 6, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபைக்கு உபவாச நாள். பசித்த வயிற்றோடு உட்கார்ந்திருந்த எங்களிடம் சகோதரர் அமலதாஸ் அந்தச் செய்தியைச் சொன்னார். நாங்கள் ஆராதனை நடத்தும் பேக்கரி மாடியை இடிக்கப் போகிறார்கள். மாத முடிவுக்குள் காலி செய்தாக வேண்டும். தங்கவயலில் வேறு இடம் கிடைக்காவிட்டால் எங்கள் கிளையைக் கலைத்து பெங்களூரு சபையோடு சேர்த்துவிடுவார்களாம். அமலதாஸ்தான் எங்கள் கிளைத் தலைவர். வாரம் முழுக்க பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிற மனிதர்.

இளசுகளுக்குப் பரவாயில்லை, இன்னொரு நாள் ரயில் ஏறுவார்கள். குளோரி அம்மா மாதிரி முட்டிவலிக்காரர்கள் என்ன செய்வார்கள்? வீட்டிலேயே உட்கார்ந்து சபையை மறக்க வேண்டியதுதான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. பெண்கள் சங்கத்தின் தலைவி என்ற முறையில் எழுந்து நின்று, "இடத்த நான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜெயசீலன் சிரித்தார். என் கணவர் சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போகிறவர். நான் மார்மன் சபையில் சேர்ந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் இரண்டு திசையில் கிளம்புகிறோம். மற்றபடி சண்டை இல்லை, கிண்டல்தான்.

நாட்குறிப்பு எழுதச் சொல்வது எங்கள் சபை வழக்கம். நான் ஒவ்வொரு ஜனவரியும் ஆரம்பித்துப் பொங்கலோடு விட்டுவிடுவேன். இந்த முறை விடப் போவதில்லை.

ஜூலை 9, புதன்

பள்ளி விட்டதும் ராபர்ட்சன்பேட்டையில் ஆரம்பித்து ஆண்டர்சன்பேட்டை வரை அலைந்தேன். கல்யாண மண்டபக்காரர் ஒருவர் "மார்மன்" என்ற பெயரைக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். உங்கள் ஆண்களுக்கு எத்தனை மனைவிகள் என்றார். அதை விட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்றேன். அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இருக்கும், தர முடியாது என்றார். மூன்றாமவர் கதவையே திறக்கவில்லை.

கடைவாய்ப் பல் வலிக்கிறது.

ஜூலை 10, வியாழன்

மாவு புளிக்கவில்லை. பல்வலி குறையவில்லை. இடமும் கிடைக்கவில்லை.

ஜூலை 12, சனி

பல் டாக்டர் வெங்கோப ராவிடம் போனேன். என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்க்கதை கேட்பது அவர் பழக்கம். இடம் தேடி அலைவதை எப்படியோ சொல்லி முடித்தேன். ஊசி போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எங்க ஹால் ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கு, டீச்சர்."

பதில் சொல்ல என் நாக்கு என்னிடம் இல்லை.

அவர் சொன்னது மேசன் மண்டபம். ஃப்ரீமேசன்கள் என்றால், கல்லை வெட்டிக் கட்டடம் கட்டுகிறவர்களின் கருவிகளை அடையாளமாக வைத்துக்கொண்டு கூடுகிற ஒரு சங்கம். எல்லா மதத்துக்காரர்களும் அதில் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் போடுவார்கள், உள்ளே நடந்ததை வெளியே சொல்ல மாட்டார்கள். அதனாலேயே ஊர்ப் பிள்ளைகள் அந்தக் கட்டடத்தைப் பேய் பங்களா என்பார்கள். டாக்டர்தான் இப்போது அந்தச் சங்கத்துக்குத் தலைவர்.

பல்லைப் பிடுங்கிய கையோடு என்னைக் காரில் அழைத்துப் போய்க் காட்டினார். பெரிய கூடம். தரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம். கிழக்குப் பக்கம் தலைவர் நாற்காலி. அதற்கு மேலே சுவரில் ஒரு பெரிய கண். வட்டம் போடும் கவராயமும் கொத்தனாரின் மூலைமட்டமும் சேர்ந்த சின்னம், கைகுலுக்கும் இரண்டு கைகள், ஒரு தேன்கூடு. பக்கத்தில் இரண்டு சின்னப் பீடங்கள் மேல் இரண்டு கல். ஒன்று பளபளவென்று சதுரமாக இருந்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்ததாம், ஒரு மூலை உடைந்திருந்தது. இன்னொன்று கரடுமுரடான கல். சங்கத்தை ஆரம்பித்த வெள்ளைக்காரர்கள் இங்கே சுரங்கத்தில் எடுத்தது. முரட்டுக் கல் பிறந்தபடியே இருக்கிற மனிதன், வழவழப்பான கல் தன்னைத் தானே செதுக்கிக்கொண்ட மனிதன் என்று டாக்டர் விளக்கினார்.

இடம் தருகிறேன், ஒரே நிபந்தனைதான் என்றார். உள்ளே இருக்கிற எந்தப் பொருளும் இருக்கிறபடியே இருக்க வேண்டும்.

காபி கொடுத்தார். எங்கள் சபையில் காபி குடிப்பதில்லை என்றேன், வாயில் பஞ்சோடு.

அந்தக் கண்ணும், கைகுலுக்கும் கைகளும், தேன்கூடும் எங்கள் அமெரிக்கத் தேவாலயத்தின் வெளிப்புறத்திலும் உண்டு. படம் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இதில் எனக்குக் கவலை ஒன்றும் இல்லை. இடம் கிடைத்தது, அதுதான் முக்கியம்.

ஜூலை 13, ஞாயிறு

கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். குளோரி அம்மா எழுந்தார். இந்தக் கிளையில் முதலில் ஞானஸ்நானம் எடுத்தவர் அவர். அவர் தலையசைத்தால் பாதி சபை அசையும்.

"நம்ம வேதத்துலயே கீதே, ரகசியமா சத்தியம் பண்ணிக்கினு கொல பண்ற கும்பலு. இடுப்புல ஆட்டுத்தோலு கட்டிக்கினு சண்டைக்கு வந்தானுங்கனு எழுதிக் கீதா இல்லியா? அந்த டாக்டரு இடுப்புல இன்னாத்த கட்றாரு?"

வெள்ளாட்டுக் குட்டியா செம்மறிக் குட்டியா என்று தெரியாது, ஆனால் தோல்தான். மேசன்கள் கூட்டத்தில் இடுப்பில் கட்டுவதற்காக மண்டபத்தில் மாட்டியிருந்ததை நானே பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. பல் பிடுங்கிய இடம் வலிக்கிறது என்று சாக்கு.

குளோரி அம்மா இன்னும் ஒன்று கேட்டார். நம் தேவாலயத்தில் இருக்கிற கண் அங்கேயும் இருக்கிறதாமே, யாரிடமிருந்து யார் எடுத்தது? கூட்டத்தில் யாருக்கும் பதில் தெரியவில்லை. எங்கள் சபையில் தனிப் போதகர் கிடையாது, உறுப்பினர்களே முறை போட்டுப் பேசுவோம். அமலதாஸ் என்னைப் பார்த்து, அடுத்த ஞாயிறு நீங்களே இதைப் பற்றிப் பேசுங்கள் சிஸ்டர் என்றார். அதற்குப் பிறகு கிளை கை தூக்கி முடிவு செய்யும். முடியாது என்று முடிவானால் பெங்களூருதான்.

ஜூலை 16, புதன்

மூன்று நாளாகப் போனில் தேடிப் படிக்கிறேன். உள்ளதை உள்ளபடி எழுதிவைக்கிறேன்.

1826இல் நியூயார்க் பக்கம் ஒருவர் மேசன்களின் ரகசியங்களை அச்சடிக்கப் போவதாகச் சொன்னார். ஆள் காணாமல் போனார். நாடே மேசன்களுக்கு எதிராகத் திரும்பியது. அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள், 1830இல், அதே வட்டாரத்தில், பைபிளோடு சேர்த்து நாங்கள் வாசிக்கும் மார்மன் வேதம் அச்சாகி வந்தது. அதில் வரும் ரகசியக் கும்பல் அந்தக் காலத்துப் பேச்சின் எதிரொலி என்கிறவர்கள் உண்டு. இல்லை, அது பழைய காலத்துக் கும்பல்தான் என்கிறவர்களும் உண்டு.

அதோடு போயிருந்தால் சரி. 1842இல் எங்கள் முதல் தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித் தாமே மேசன் சங்கத்தில் சேர்ந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் எங்கள் ஜனங்கள் கட்டிய ஊரில் ஆண்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். அவர் சேர்ந்த சில வாரங்களில் எங்கள் தேவாலயச் சடங்கு ஆரம்பமானது; மேசன் சடங்கின் சாயல் அதில் உண்டு என்கிறார்கள். அங்கே கட்டிய ஆலயத்தின் உச்சியில் காற்றுத் திசை காட்டும் தேவதூதன். அதற்கு மேலே கவராயமும் மூலைமட்டமும்.

ஜெயசீலன் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். "காப்பியடிச்சிட்டாங்கனு சொல்லு" என்று போய்விட்டார்.

எனக்கு இதில் கவலை இல்லை. போனை மூடி வைத்துவிட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்த்தேன். பிறகு சொம்புகள். பிறகு போன வாரம்தான் தேய்த்த தாம்பாளம். ஜெபத்துக்கு உட்கார்ந்தேன், வார்த்தை வரவில்லை. கை வலிதான் காரணம்.

ஜூலை 17, வியாழன்

ஒன்பதாம் வகுப்புக்குப் பிரெஞ்சுப் புரட்சி நடத்தினேன். இரண்டு முறை அமெரிக்கா என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

தாலிச் சங்கிலி அழுக்கேறிக் கிடந்தது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். தாலி நடுவில் சின்னதாகச் சிலுவை. சி.எஸ்.ஐ. கோயிலில் பாதிரியார் ஜெபித்துக் கொடுக்க, ஜெயசீலன் கட்டியது.

பிரஷ் நின்றுவிட்டது. இந்தச் சிலுவை வருவதற்கு முன்னால் தாலி யாருடையது? நேற்று முன்தினம் நான் தேய்த்த குத்துவிளக்கு யாருடையது? எங்கள் ஜனங்கள் பக்கத்து வீட்டிலிருந்து எடுத்துத்தான் கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொண்ட பிறகு அது எங்களுடையது. இருபத்து நான்கு வருஷ வாழ்க்கையை அந்தத் தாலி தாங்கியிருக்கிறது. அது வேறு இடத்திலிருந்து வந்தது, அதனால் உன் கல்யாணம் பொய் என்று எவராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

ஈரக் கையோடு கூடத்துக்கு ஓடி ஜெயசீலனிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சங்கிலியை வாங்கித் துடைத்து என் கழுத்தில் போட்டுவிட்டார்.

"இத போயி உங்க சபைல சொல்லு" என்றார்.

அழுதேன். ஏன் என்று தெரியவில்லை. இன்றைக்கு ஜெபம் வந்தது.

ஜூலை 20, ஞாயிறு

எல்லாவற்றையும் சொன்னேன். காணாமல் போன ஆள், வேதம் வந்த வருஷம், தீர்க்கதரிசி சங்கத்தில் சேர்ந்தது, சடங்கு ஆரம்பமானது, எதையும் விடவில்லை. சொல்லச் சொல்லச் சிலர் முகம் வெளுத்தது. அமலதாஸ் கையில் இருந்த பாட்டுப் புத்தகத்தைத் திறந்து திறந்து மூடினார். வாங்கியது எவ்வளவு, மேலிருந்து வந்தது எவ்வளவு என்று அறிஞர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். மேடையில் நின்று தெரியாது என்று சொல்ல எனக்கு இவ்வளவு தைரியம் உண்டென்று எனக்கே தெரியாது.

கடைசியில் தாலியை எடுத்து வெளியே போட்டேன். இது யாருடையது என்று கேட்டேன். பெண்கள் பக்கம் ஒருவர் பின் ஒருவராகக் கழுத்துக்குக் கை போயிற்று.

குளோரி அம்மா விதவை, அவர் கழுத்தில் தாலி இல்லை. அவரைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

"வாங்கனதுனு இப்பயாவது சொன்னியே. நீ மூடி மறைச்சிருந்தா நான் கைய தூக்கியிருக்க மாட்டேன்" என்று சொல்லிக் கையைத் தூக்கினார். "ஆனா அந்தக் கண்ணு என்னப் பாக்காத எடத்துலதான் நான் குந்துவேன்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. வரும் வழியில் நூறு கிராம் மைசூர் பாகு வாங்கி நடந்துகொண்டே தின்றேன்.

ஜூலை 26, சனி

பெங்களூரிலிருந்து அனுமதி வந்துவிட்டது. இன்று எல்லாரும் மண்டபத்தைச் சுத்தம் செய்தோம். எங்கள் சபையில் அதற்குத் தனி ஆள் கிடையாது, துடைப்பம் நம் கையில்தான். எதையும் நகர்த்தக்கூடாது என்று நான் வாசலிலேயே நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். தொட்டுத் துடைக்கலாம், நகர்த்தக்கூடாது.

சகோதரர் முனிரத்தினத்துக்கு ஏக சந்தோஷம். ஆறு மாதம் முன்புதான் சபையில் சேர்ந்தார். சமையல் மேடைக்குக் கருங்கல் அறுத்து மெருகு போடுவது அவர் தொழில். தரையைப் பார்த்து, இந்தக் கட்டத்தைப் பதித்தவன் கை சுத்தம் என்று வியந்தார். பீடத்துக் கற்களின் முன் நெடுநேரம் நின்றிருந்தார். பூட்டும்போது கடைசியாக வெளியே வந்தவரும் அவர்தான். கையில் கோணிப்பை. துடைத்த துணிகளாக இருக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

நான் இதை எப்படி எழுதுவேன்.

புது இடத்தில் முதல் ஆராதனை. மண்டபம் நிறைந்திருந்தது. குளோரி அம்மா கண்ணுக்கு நேர் எதிரே வராமல் ஒரு தூணுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டார். எங்களை வரவேற்க டாக்டரே வந்திருந்தார். அப்பமும் தண்ணீரும் பரிமாறி முடிந்ததும் முனிரத்தினம் எழுந்து, எல்லாருக்கும் ஒரு சின்னக் காணிக்கை என்று சொல்லி, பீடத்தின் மேல் போர்த்தியிருந்த துண்டை எடுத்தார்.

முரட்டுக் கல்லைக் காணோம். அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு கல். ஆறு முகமும் சமமாக அறுத்து, மூலை தீட்டி, மெருகேற்றி வைத்திருந்தார். குனிந்து பார்த்தால் முகம் தெரிந்தது.

"ஒண்ண முடிச்சிட்டு இன்னொண்ண அப்டியே வுட்டுட்டாங்க. நான் முடிச்சிக் குடுத்துட்டேன். அதே எடத்துலதான் வெச்சேன், நகுத்தல" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

டாக்டர் கிட்டே போய் ஒரு விரலால் கல்லைத் தொட்டார். நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்த கல் அது. அது அப்படியே இருப்பதுதான் அதன் அர்த்தம். முனிரத்தினத்திடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை சங்கம் கூடுகிறது, நீங்கள் இங்கே தொடரலாமா என்று பெட்டியில் உருண்டை போட்டு முடிவெடுப்பார்கள். சம்மதம் என்றால் வெள்ளை உருண்டை. ஒரு கறுப்பு விழுந்தாலும் போயிற்று.

ஜூலை 28, திங்கள்

முனிரத்தினம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. முரட்டுக் கல், வழவழப்பான கல் இரண்டுக்கும் பொருள் என்ன என்று நான் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். என்னால் சபையே போகப்போகிறது, நான் இனி வரவில்லை என்றார்.

யார் கிளம்பினார் தெரியுமா? குளோரி அம்மா. என்னை இழுத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டே டாக்டரின் கிளினிக் படி ஏறினார். நோயாளிகள் எல்லாரும் பார்க்க அவர் எதிரில் போய் நின்றார்.

"நாங்க பண்ணது தப்பு. அந்தப் புள்ளய வுட்ருங்க, அது ஆசயா செஞ்சிது" என்றார். டாக்டர் தலையசைத்தார். குளோரி அம்மா அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஒண்ணு கேக்கறேன். மனுசன் முரட்டுக் கல்லு, செதுக்கணும் செதுக்கணும்னு இத்தினி வருசமா சொல்லிக்கினு கீறீங்களே. ஒருத்தராச்சும் அதுமேல உளிய வெச்சீங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அடுத்த நோயாளியை உள்ளே அனுப்பச் சொன்னார்.

காரியம் கெட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மண்டபமே வேண்டாம் என்றவர் அதற்காகப் படியேறியதை நான் பார்த்தேன். அது போதும் என்று சொல்ல மாட்டேன், போதாது. எனக்கு அந்த மண்டபம் வேண்டும்.

ஜூலை 30, புதன்

பேக்கரி மாடியைக் காலி செய்தோம். நாற்காலிகள் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருக்கின்றன. ஜெயசீலன் தானே தூக்கி அடுக்கினார், கிண்டல் இல்லாமல். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்டு 1, வெள்ளி

சாயங்காலம் மண்டப வாசலில் வேப்பமரத்தடியில் நின்றோம். நான், அமலதாஸ், குளோரி அம்மா, பிடிவாதமாக இழுத்து வந்த முனிரத்தினம். உள்ளே கதவு சாத்தியிருந்தது. சுத்தியல் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

கதவு திறந்து டாக்டர் வந்தார். இடுப்பில் அந்த வெள்ளைத் தோல். கையில் ஒரு மரப்பெட்டி. குளோரி அம்மா தோலையே பார்த்தார்.

"உள்ள பேசினத சொல்ல மாட்டேன். அது எங்க சத்தியம். இத காட்டலாம்" என்று பெட்டியின் இழுப்பறையைத் திறந்தார்.

வெள்ளை. எல்லாம் வெள்ளை. அமலதாஸ் இழுப்பறையின் மூலைவரை குனிந்து பார்த்தார்.

இன்னும் இருக்கிறது. பழைய சீமைக் கல்லுக்கு மூலை உடைந்திருப்பதால் அதை எடுத்து வைத்துவிட்டு, முனிரத்தினம் மெருகிட்ட கல்லையே இனி அந்தப் பீடத்தில் வைப்பதாகத் தீர்மானம். முரட்டுக் கல்லுக்குப் புதிதாக ஒன்றை டாக்டரே சுரங்க மேட்டில் தேடி எடுத்து வரப்போகிறார்.

"எங்க கல்லு ஒண்ணு ஒரு வழியா முடிஞ்சுது" என்று முனிரத்தினத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுவரில் செதுக்கியிருந்த இரண்டு கைகள் எனக்கு நினைவுக்கு வந்தன. முனிரத்தினம் கையை விடவே இல்லை.

நான் நடுத்தெருவில் பாடினேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். பார்க்கட்டும்.

ஆகஸ்டு 3, ஞாயிறு

உபவாச ஞாயிறு. விரும்புகிறவர்கள் எழுந்து சாட்சி சொல்லும் நாள். முதல் ஆளாக முனிரத்தினம் போனார். நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை, அழுதுகொண்டே இறங்கினார். எல்லாருக்கும் புரிந்தது. புதிதாக வந்திருக்கும் முரட்டுக் கல்லின் பக்கம் அவர் பார்வை போனபோது, அவர் மனைவி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

தூணுக்குப் பின்னால் குளோரி அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. நேராகப் போய்க் கண்ணுக்குக் கீழே, கிழக்கே, கைப்பிடி உயர்ந்த பெரிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். முட்டிக்கு அதுதான் வசதியாம். அது சங்கத் தலைவரின் நாற்காலி என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான் சொல்லப்போவதும் இல்லை.

கடைசி வரிசையில் ஜெயசீலன். நாற்காலி இறக்க வந்தேன் என்றார். இறக்கி முடித்து ஒரு மணி நேரம் ஆன பிறகும் அங்கேயேதான் இருந்தார்.

நானும் எழுந்து சாட்சி சொன்னேன். இந்த மாதம் முழுக்கக் கவலை இல்லை, கவலை இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன். கவலை இருந்தது. இப்போது இல்லை. தெரியாதது இன்னும் தெரியாமல்தான் இருக்கிறது, அதோடு பாட முடிகிறது.

இனி யாராவது என்னிடம் உங்கள் சின்னமெல்லாம் மேசன்களிடம் வாங்கியதுதானே என்று கேட்டால், ஆமாம் என்பேன். பிறகு கையைப் பிடித்து இந்த மண்டபத்துக்கு அழைத்து வந்து அந்தப் பளபளக்கும் கல்லைக் காட்டுவேன். கொடுத்ததும் உண்டு என்பேன்.

உபவாசம் முடிந்தது. ஜெயசீலன் தட்டு போடுகிறார். நேற்று வைத்த மீன் குழம்பு இருக்கிறது.